பச்சை மரத்துக்குள் பொந்து: வாசகர் கேள்வி – பதில்

தொண்டி தொடங்கி மூக்கையூர் வரை, ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். ஐப்பசிக் காற்றுக்கும் மழைக்கும் முன்னால் வீட்டு மரத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எல்லோருடைய கவலையும்.

வீட்டு முன்னால் வேம்பு நிற்கிறது. மார்பு உயரத்தில் சுற்றளவு 7 அடி. ஆட்டுக்குத் தழை ஒடித்து ஒடித்து முண்டாகிப்போன கிளை ஒன்று உளுத்து, அந்த இடத்தில் பொந்து விழுந்துவிட்டது. கம்பி விட்டால் ஒன்றரைச் சாண் போகிறது. மரமோ பச்சைப் பசேலென்று பூத்துக் காய்க்கிறது. “உள்ளே சொத்தை, வெட்டிவிடு” என்று ஒரு தரப்பு, “தழைத்து நிற்கிற மரத்துக்கு என்ன கேடு” என்று இன்னொரு தரப்பு. எதைக் கேட்பது?
– உச்சிப்புளி வாசகி

இரண்டு தரப்பும் பார்க்கக் கூடாத இடத்தைப் பார்க்கிறார்கள், அம்மா.

தழைக்குத் தண்ணீர் ஏறுவது பட்டைக்கு அடுத்த வெளிமரத்தின் வழியாக. நடுவில் இருக்கும் வைரம் என்கிற கெட்டி மரத்தில் உயிருள்ள செல் கிடையாது. அது முழுக்க மக்கிப்போனாலும் இலைக்குச் சேதி போகாது. அதனால் பச்சை இலையை வைத்து மரத்தின் பலத்தைச் சொல்ல முடியாது. பொந்து இருப்பதை வைத்தும் சொல்ல முடியாது. பொந்தைச் சுற்றி நல்ல மரம் எத்தனை செ.மீ. மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

கணக்கை உங்கள் வேம்புக்கே போட்டுப் பார்ப்போம். 7 அடி என்பது 213 செ.மீ. அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 68. பட்டைக்குப் பக்கத்துக்கு ஒன்றரை செ.மீ. கழித்தால் 65, ஆரம் 32.5. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் மரங்கள் முறிவதை ஆராய்ந்த கிளாஸ் மாத்தெக் 1990-களில் ஒரு அளவுகோல் சொன்னார்: நல்ல மரச்சுவரின் தடிமன் ஆரத்தில் பத்தில் மூன்று பங்குக்குக் கீழே போனால் மரம் முறியும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் மரத்துக்கு அது ஏறக்குறைய 10 செ.மீ.

இவ்வளவு மெல்லிய சுவர் எப்படித் தாங்கும் என்று தோன்றும். வளையும் மரத்தில் இழுப்பும் அழுத்தமும் விளிம்பில்தான் விழுகின்றன. நடுப்பகுதி பெரும்பாலும் சும்மா இருக்கிறது. விட்டத்தில் பாதி அளவுக்குப் பொந்து விழுந்தாலும் வளைவைத் தாங்கும் பலம் 6 சதவீதம்தான் குறைகிறது. 70 சதவீதம் பொந்தானால் இழப்பு 24. 80 ஆனால் 41, 90 ஆனால் 66. எழுபதைத் தாண்டியதும் பலம் எப்படிச் சரிகிறது பாருங்கள். சைக்கிள் சட்டத்தைக் குழாயில் செய்வதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் இந்தக் கணக்கு மூடிய குழாய்க்கு. பொந்தின் வாய் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திறந்திருந்தால் குழாய் பிளந்த மூங்கில் மாதிரி ஆகிவிடும். பத்தில் மூன்று செல்லாது. வாயின் இரு ஓரத்திலும் மரம் உருண்டு தடித்து உதடு போல வளர்ந்திருந்தால் நல்ல குறி. உதட்டிலிருந்து மேலும் கீழும் நீளவாக்கில் வெடிப்பு ஓடினால் கெட்ட குறி.

இனி வேலை. சாக்குக்கட்டி, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல், நல்ல சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்று, அளவு நாடா போதும்.

முதலில் தூரைச் சுத்தம் செய்யுங்கள். வேம்படியில் மண் கொட்டி மேடையோ சிமென்ட் திண்ணையோ கட்டியிருந்தால் தூரும் வேரும் சேரும் இடம் புதைந்து கிடக்கும். ஈரம் தங்கி உளுப்பு தொடங்குவது அங்கேதான். நாலு பக்கமும் ஒரு சாண் ஆழம் மண்ணை விலக்கி, வேர் விரிந்து இறங்குவது கண்ணில் படும்வரை பாருங்கள். தூரில் பலகை போல ஒட்டிய காளான், செங்கல் பழுப்பில் மினுங்கி விளிம்பு வெள்ளையாக இருந்தால் அது கானோடெர்மா என்ற உளுப்புப் பூஞ்சை. அதன் கீழே கோகோ பொடி தூவியது போலப் பழுப்புத் தூள் படிந்திருக்கும். காளான் வெளியே தலைகாட்டும்போது உள்ளே அதன் வேலை வெகுதூரம் போயிருக்கும். கையால் பிய்த்துப் போட்டு ஒரு பயனும் இல்லை. மழைக்கு மறுபடி முளைக்கும்.

அடுத்து தரையிலிருந்து ஓரடி, மூன்றடி, பொந்துக்குச் சற்றுக் கீழே, சற்று மேலே என்று நாலு வளையம் சாக்குக்கட்டியால் போட்டு, வளையத்துக்கு எட்டு இடத்தில் தட்டுங்கள். சத்தம் மாறுகிற இடத்தில் குறி போடுங்கள். மரத்துக்குள் உளுப்பு பக்கவாட்டில் பரவுவதைவிட மேலும் கீழும் எளிதாக ஓடும். வாய் மார்பு உயரத்தில் இருந்தாலும் சுவர் மிக மெல்லியதாக இருப்பது ஓரடியில் இருக்கலாம்.

குறி போட்ட இடத்தில் பட்டை வெடிப்பு வழியே ஸ்போக் கம்பியைக் கட்டைவிரல் பலத்தால் மட்டும் அழுத்துங்கள். நல்ல மரத்தில் பட்டையோடு நின்றுவிடும். இரண்டு மூன்று செ.மீ. பஞ்சு போல இறங்கினால் அந்த இடத்தில் வெளிச்சுவரே போய்விட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால்தான் துளை. 3 மி.மீ. தடிமனில் நீளமான பிட் ஒன்றைப் பிடித்து, சத்தம் மாறிய இடங்களில் மூன்று நாலு துளை, நடுவை நோக்கி நேராக. மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு செ.மீ.க்கும் பிட்டை வெளியே எடுத்து அதில் ஒட்டிய தூளைப் பாருங்கள். வெளிமரத்தின் தூள் வெளிர்நிறம். வைரத்துக்குள் போனதும் செம்பழுப்பாகச் சுருள் சுருளாக வரும், பிட் முனகும். உளுப்பின் ஓரம் வந்தால் தூள் கறுத்து ஈரப் பொடியாகும், மூக்கில் காளான் வாடை அடிக்கும், கை திடீரென்று முன்னால் சறுக்கும். அந்த ஆழத்தைக் குறித்துப் பட்டையைக் கழித்தால் சுவரின் தடிமன். விளையாட்டாகப் பத்துப் பதினைந்து துளை போடாதீர்கள். நல்ல மரத்துக்கும் உளுப்புக்கும் நடுவே மரம் கட்டிய தடுப்பை ஒவ்வொரு துளையும் குத்தித் திறக்கிறது.

வடக்கே 14, கிழக்கே 12, தெற்கே 11 என்று வந்தால் வெட்ட வேண்டிய மரம் அல்ல. ஒரு பக்கம் மட்டும் 6 என்றால் அந்தப் பக்கம் எதை நோக்கியிருக்கிறது என்று பார்த்து, கொண்டையைக் குறையுங்கள். நாலு பக்கமும் ஆறுக்குக் கீழே, மரத்தடியில் தாழ்வாரமும் கட்டிலும் என்றால் காத்திருக்காதீர்கள்.

கொண்டை குறைப்பது என்றால் மொட்டை அடிப்பது அல்ல. வெளி ஓரக் கிளைகளை, அவை பிரியும் அடுத்த கவை வரை பின்னிழுத்து, மொத்தத் தழையில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால் போதும். பெரிய கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும்: அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம், அதற்கும் நாலு விரல் வெளியே மேலிருந்து முழு வெட்டு, கிளை பட்டையை உரிக்காமல் விழும், கடைசியாக, கிளையின் அடியில் வளையம் போலத் தடித்த கழுத்தை விட்டுவிட்டு மிச்ச முண்டை அறுப்பது. கழுத்தை வெட்டினால் காயம் மூடாது. முண்டு விட்டால் அது செத்து உளுப்புக்கு வழி காட்டும். உங்கள் பொந்து பிறந்த கதை அதுதான். தழை ஒடிப்பவர்கள் இதைக் கேட்பதில்லை, ஆடு காத்திருக்கிறது.

கொட்டாப்புளியால் தட்டச் சொல்கிறார்கள். எந்தச் சத்தம் நல்லது, எது கெட்டது? இரும்புச் சுத்தியல் ஆகாதா?
– ஏர்வாடி வாசகர்

இரும்பு பட்டையைக் காயப்படுத்தும், அதன் கணீர்ச் சத்தம் மரத்தின் சத்தத்தை அமுக்கிவிடும். ஆசாரியின் கொட்டாப்புளி சரி. ரப்பர் அல்லது நைலான் சுத்தியலும் சரி.

தேங்காய் வாங்கும் காது உங்களுக்கு இருந்தால் இது வந்துவிடும். கெட்டி மரம் ‘டக்’ என்று குறுகி நிற்கும். சுவர் மெலிந்த இடம் ‘தொம்’ என்று ஆழமாகக் கேட்டுச் சற்று இழுக்கும். எந்த ஒரு சத்தத்தையும் தனியாக வைத்து முடிவு கட்டாதீர்கள். அதே மரத்தில் சந்தேகமே இல்லாத இடத்தில் ஒரு தட்டு, சந்தேக இடத்தில் ஒரு தட்டு.

ஏமாறும் இடம் இரண்டு. செத்த பட்டை உள்மரத்தை விட்டு எழும்பி நின்றாலும் ‘தொம்’ என்றுதான் கேட்கும். ஓரத்தில் நெம்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, சுவர் தடிமனாக இருந்தால் நடுவில் பெரிய பொந்து இருந்தாலும் சத்தம் மாறாது. அது பெரிய குறையல்ல, தடித்த சுவர் தாங்கும். பயப்பட வேண்டியது வேரில் உள்ள உளுப்புக்கும், இன்னும் பொந்தாகாத இளம் உளுப்புக்கும். இரண்டும் தட்டலுக்குச் சிக்காது.

வாசல் பூவரசின் அடியில் பெரிய பொந்து. செங்கல் ஜல்லி திணித்துச் சிமென்ட் பூசினால் மரம் பலப்படும் என்கிறார் கொத்தனார். உள்ளே சுரண்டித் தார் பூசச் சொல்கிறார் இன்னொருவர்.
– தங்கச்சிமடம் வாசகர்

இரண்டும் வேண்டாம். மரம் காற்றில் வளையும், சிமென்ட் வளையாது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து மழைநீர் இறங்கித் தங்கும். உள்ளே நடப்பதை நீங்கள் பார்க்கவும் முடியாது. பின்னாளில் ரம்பம் வைப்பவர் சிமென்டில் பல்லை உடைப்பார்.

சுரண்டுவது இன்னும் கெடுதல். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின் ரம்பத்தால் பிளந்து பார்த்து, 1977-இல் விளக்கிய விஷயம் இது: காயம்பட்ட மரம் நம் தோல் போலப் புண்ணை ஆற்றுவதில்லை, உளுப்பை உள்ளேயே வைத்துச் சுவர் எழுப்புகிறது. மேலும் கீழும் உள்ள சுவர் பலவீனமானது. காயத்துக்குப் பிறகு புதிதாக வளரும் மரத்துக்கும் பழைய மரத்துக்கும் நடுவே எழும் சுவர்தான் ஆகப் பலமானது. பொந்துக்குள் இருக்கும் கெட்டியான கருத்த ஓரத்தைச் சுரண்டினால் அந்தச் சுவரைத்தான் உடைக்கிறீர்கள். தண்ணீர் வடியட்டும் என்று கீழே துளை போடுவதும் இதே தவறு. கையால் அள்ள வரும் மக்கிய தூளை வேண்டுமானால் எடுங்கள், அதற்கு மேல் கம்பி, உளி வேண்டாம். தார் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும், அவ்வளவே.

பூவரசுக்கு ஒரு தனிச் செய்தி. கடற்கரையில் இதைப் பெரும்பாலும் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) நட்டு வளர்க்கிறோம். போத்தின் மேல் வெட்டுமுனை வழியே உளுப்பு ஆரம்பத்திலேயே நடுவில் இறங்கிவிடும். ஆகவே நடு உளுத்த பூவரசு அதிசயமில்லை. முதல் பதிலில் சொன்னபடி சுவரை அளந்து முடிவெடுங்கள். கிளியோ ஆந்தையோ குடியிருந்தால் அவை பாட்டுக்கு இருக்கட்டும்.

எங்கள் பக்கம் உடைமரம், வேம்பு எல்லாமே ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் வளர்கின்றன. சாய்ந்த மரமெல்லாம் விழும் மரமா?
– பாம்பன் வாசகர்

சாய்ந்தே வளர்ந்த மரம் வேறு, நின்ற மரம் சாய்ந்தது வேறு. மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று மாதக்கணக்கில் தள்ளி வளைத்த மரத்தின் அடி சாய்ந்திருக்கும், நுனி நிமிர்ந்து வாளைப் போல வளைந்திருக்கும். அது சாய்வுக்கு ஏற்ப வேரையும் மரத்தையும் தடிக்க வைத்துக்கொண்டது. அடியிலிருந்து நுனி வரை ஒரே நேர்கோட்டில் சாய்ந்திருந்தால் அண்மையில் சாய்ந்த மரம். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா, தரை லேசாக உப்பியிருக்கிறதா, காற்றடிக்கும்போது தூரடி மண் மூச்சு விடுவது போல எழும்பி அமர்கிறதா என்று பாருங்கள். ஏதேனும் ஒன்று இருந்தால் மரத்தடியை அன்றைக்கே காலி செய்யுங்கள். அது வேர் அறுந்த அல்லது உளுத்த மரம். அடிமரத்தை எவ்வளவு தட்டினாலும் நல்ல சத்தமே கேட்கும்.

கடற்கரைக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய இன்னொன்று. மரம் தன்னைப் பலப்படுத்தியிருப்பது கச்சானுக்கு எதிராக. கார்த்திகை மார்கழிப் புயல் கிழக்கேயிருந்து வரும்போது முதலில் வடக்கேயிருந்து வாடையாக அடிக்கும், மையம் கடந்ததும் தெற்கேயிருந்து சோழகமாகத் திரும்பும். மரம் பழகாத திசைகள் அவை. காற்றின் வேகம் 60 கி.மீ.யிலிருந்து 120 ஆனால் மரத்தின் மேல் விழும் சுமை இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு.

காற்றே பெரிதாக இல்லாமலும் மரம் விழும். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து மன்னார் வளைகுடாவில், நம் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்று மழையைக் கொட்டியது. அப்படி ஊறிய மணலில் வேரின் பிடி தளர்ந்துவிடும். தண்ணீர்க் குழாய்க்கோ கேபிளுக்கோ தூருக்கு அருகே பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை அறுத்த மரம்தான் முதலில் படுக்கும். மார்பு உயர விட்டத்தைப்போல மூன்று மடங்கு தூரத்துக்குள் பள்ளம் தோண்ட விடாதீர்கள்: ஒன்றரை அடி விட்டமுள்ள மரம் என்றால் நாலரை அடி.

சாய்வைவிடக் கவையைக் கவனியுங்கள். சமமான இரண்டு தண்டுகள் ஆங்கில ‘V’ போல நெருங்கி எழுந்து நடுவே பட்டை மாட்டிக்கொண்டிருந்தால், அங்கே மரத்தோடு மரம் சேரவேயில்லை. தண்ணீர் தேங்கி உளுத்து, ஒரு நாள் நட்டநடுவில் பிளக்கும். வாகையிலும் சீமைக்கருவேலிலும் இது சகஜம்.

தென்னையின் அடியிலிருந்து செம்பழுப்பாகச் சாறு வடிகிறது. கீழ்மட்டைகள் மஞ்சளித்துத் தொங்குகின்றன. காய் வெட்ட ஆள் ஏறலாமா?
– பெரியபட்டினம் வாசகர்

தூரில் தட்டிப் பாருங்கள். ‘தொம்’ என்றால், அல்லது தூரடியில் காளான் இருந்தால், ஆளை ஏற்றாதீர்கள். நீங்கள் சொல்வது தஞ்சாவூர் வாடல் நோய் போல இருக்கிறது. 1952 புயலுக்குப் பின் தஞ்சாவூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர். வேம்பில் சொன்ன அதே கானோடெர்மா இனம், வேரைத் தின்று தூருக்குள் ஏறுகிறது. சாறு தூரில் தொடங்கி மேலே ஏறினால் இது. தண்டின் நடுவில் எங்காவது ஒரு வெடிப்பிலிருந்து மட்டும் வடிந்தால் அது வேறு நோய், சாறு வடிதல். அந்த இடத்தைச் செதுக்கி, மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ பசை பூசலாம்.

மேலே சொன்ன பத்தில் மூன்று கணக்கைத் தென்னைக்கும் பனைக்கும் போடக் கூடாது. தொல்காப்பியம் வெளியில் வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் பிரித்தது: “புறக்கா ழனவே புல்லென மொழிப, அகக்கா ழனவே மரமென மொழிப”. இந்த இரண்டு வரிக்குள் பொறியியலே இருக்கிறது. தென்னையின் பலம் வெளி நார்க்கட்டில். நடு வெறும் சோறு. பட்டைக்கடியில் புதுமரம் வளர்க்கும் படலம் இதற்குக் கிடையாது, ஆண்டு வளையமும் கிடையாது. ஒருமுறை வெளி ஓடு உளுத்தால் அந்த இடம் ஆயுளுக்கும் திரும்ப வளராது.

நோய் தொடக்கத்தில் இருந்தால் மரத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். பென்சில் பருமனுள்ள உயிர்வேர் ஒன்றைச் சாய்வாக வெட்டி, பூஞ்சைக்கொல்லி மருந்தான ஆரியோஃபங்கின் 2 கிராம், மயில்துத்தம் 1 கிராம் 100 மி.லி. தண்ணீரில் கரைத்த பையில் மூழ்கக் கட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை. பாத்தியில் 1 சதவீதப் போர்டோ கலவை 40 லிட்டர் ஊற்றுங்கள். அதற்கு மயில்துத்தம் 400 கிராம், சுட்ட சுண்ணாம்பு 400 கிராம். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் கத்தி முனையை முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. ஆண்டுக்கு வேப்பம்பிண்ணாக்கு 5 கிலோ. மரத்துக்கு மரம் பாத்தி வழியே தண்ணீர் ஓட விடாதீர்கள், நோயும் கூடவே ஓடும். கைவிட்ட மரத்தைத் தூரோடும் வேரோடும் அகற்றி, சுற்றிலும் ஒரு மீட்டர் ஆழம், 30 செ.மீ. அகலத்தில் பள்ளம் வெட்டிப் பிரியுங்கள்.

தண்டில் துளையும் அதில் மென்ற நாரும் தெரிந்தால் சிவப்புக் கூன்வண்டு. அமைதியான நேரத்தில் தண்டில் காதை வைத்தால் புழு கடிக்கும் சத்தமே கேட்கும். அந்த மரமும் ஏறத் தகாது.

பனையின் பாதி உயரத்தில் கிளிப்பொந்து. பதநீர் இறக்க ஏறலாமா?
– சாயல்குடி வாசகர்

பொந்தின் வாய் ஓரங்களை ஏணி வைத்துத் தட்டிப் பாருங்கள். வாய் சிறியதாக, ஓரத்து வைரம் கருத்துக் கல்லாக இருந்தால் பயமில்லை. வாய் பனையின் சுற்றளவில் கால் பங்குக்கு மேல் போனால், அல்லது அதே உயரத்தில் எதிர்ப்பக்கம் இன்னொரு பொந்து இருந்தால் வேண்டாம். மின்னல் விழுந்த பனையில் ஒருபோதும் ஏறாதீர்கள். ஏற முடியாத பனை என்பதற்காக வெட்டிவிடவும் முடியாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்துவிட்டது.

எங்கள் தெரு நடுவே பழைய தூங்குமூஞ்சி மரம். அடியில் ஆட்டோ நிறுத்தம், டீக்கடை. மரத்தை ‘ஸ்கேன்’ செய்யும் கருவி இருக்கிறதாமே, காசு திரட்டி வரவழைக்கலாமா?
– கீழக்கரை வாசகர்

இருவகைக் கருவிகள். ஒன்று ஒலி டோமோகிராஃப். மரத்தைச் சுற்றி எட்டு முதல் பன்னிரண்டு ஆணி அடித்து, ஒவ்வொன்றிலும் உணரி மாட்டி, ஒவ்வோர் ஆணியாகத் தட்டுவார்கள். ஒலி மற்ற ஆணிகளுக்குப் போய்ச் சேரும் நேரம் மைக்ரோ நொடியில் பதிவாகும். நல்ல மரத்தில் ஒலி நேராக விரையும். பொந்தைச் சுற்றிக்கொண்டு போனால் தாமதமாகும். அதிலிருந்து குறுக்கு வெட்டுப் படம் வண்ணத்தில் வரும். உள்ளே வெறும் வெடிப்பு ஒன்றே இருந்தாலும் பெரிய பொந்து போலக் காட்டிவிடும் என்பது இதன் குறை. ஆணி அடித்த உயரத்தில் ஒரு துண்டைத்தான் காட்டும் என்பது இன்னொன்று.

மற்றது ரெசிஸ்டோகிராஃப். 1.5 மி.மீ. தடிமன், 3 மி.மீ. முனை கொண்ட ஊசியை மரத்துக்குள் சுழற்றி இறக்கி, எவ்வளவு எதிர்ப்பு என்று வரைபடம் போடும். உளுப்பில் கோடு தரைக்கு விழும். நாம் கையால் போட்ட துளையின் படித்த தம்பி இது. ஒரு துளை ஒரு கோட்டைத்தான் பார்க்கும். தொடக்க நிலை வெள்ளை உளுப்பை விட்டுவிடுவதும் உண்டு. நல்ல ஆய்வாளர் தட்டிப் பார்த்து, டோமோகிராஃப் எடுத்து, சந்தேக இடத்தில் மட்டும் ஊசி விடுவார். வந்ததும் படம் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள். கொண்டையின் அளவு, காற்றின் திசை, வேர், மரத்தடியில் இருப்பவர்கள் எல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும்.

பழமையான, எல்லோரும் காப்பாற்ற விரும்புகிற மரம் என்றால் செலவு தகும். ஆனால் அதற்கு முன்னால் காசே இல்லாத வேலை ஒன்று உண்டு: ஆட்டோ நிறுத்தத்தை இருபதடி தள்ளி வையுங்கள். ஆள் இல்லாத இடத்தில் விழும் கிளை விறகு மட்டுமே. தூங்குமூஞ்சியின் கிளை கிடையாக வெகுதூரம் நீளும்; அடிமரம் கெட்டியாக இருக்கும்போதே கிளை முறியும். முதல் வேலை நீண்ட கிளைகளின் நுனிப் பாரத்தைக் குறைப்பது. தெருவில் நிற்பது பொது மரம் என்பதால் வெட்டவோ பெரிய கிளை எடுக்கவோ நகராட்சி வழியாக மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி பெற வேண்டும். மின்கம்பி உரசினால் நீங்களாகக் கை வைக்காமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

பொந்து விழுந்த புளியமரத்தை வெட்ட முடிவாகிவிட்டது. வெட்டுபவர்களுக்கு என்ன சொல்வது?
– தொண்டி வாசகர்

நல்ல மரத்தை வெட்டும்போது விழும் பக்கம் வாய் வெட்டி, பின்பக்கம் அறுத்து, நடுவில் அறுக்காமல் விடும் மரக்கீற்று கீல் போல மடங்கி மரத்தை வழிநடத்தும். பொந்து மரத்தில் அந்தக் கீலின் நடுப்பாகமே இல்லை. இரு ஓரத்தில் இரண்டு துண்டுதான் மிச்சம். அதில் ஒன்று உளுத்திருந்தால் மரம் முறுக்கிக்கொண்டு நினைக்காத பக்கம் விழும். அதனால் வாய் வெட்டும் உயரத்தைப் பொந்துக்கு மேலே, தட்டிக் கெட்டியென்று தெரிந்த இடத்துக்கு ஏற்றுங்கள். அது கைக்கெட்டாத உயரம் என்றால் பக்கெட் லிஃப்ட் அல்லது கிரேன் வைத்து மேலிருந்து துண்டு துண்டாக இறக்க வேண்டும். பொந்து மரத்திலேயே ஏறி, அதிலேயே கயிறு கட்டி வேலை செய்யச் சொல்லாதீர்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் மர உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் நிற்கட்டும். ரம்பம் வைக்குமுன் பொந்துக்குள் டார்ச் அடியுங்கள்: பொந்துத் தேனீயும் பாம்பும் அங்கே உங்களுக்கு முன்னால் குடியேறியவை.

சவுக்குத் தோப்பில் சில மரங்களின் பட்டை கொப்புளம் போல எழும்பி வெடித்து, விரலில் கரித்தூள் போல ஒட்டுகிறது. பொந்து எதுவும் இல்லை. விடலாமா?
– மூக்கையூர் வாசகர்

விடாதீர்கள். பட்டைக் கொப்புள நோய் அது. கரித்தூள் அந்தப் பூஞ்சையின் வித்து. தட்டவோ துளைக்கவோ தேவையில்லை, கொப்புளம் தண்டைச் சுற்றி வந்துவிட்டால் மரம் நின்றபடியே காய்ந்துவிடும், காய்ந்த சவுக்கின் வேர் மணலில் சீக்கிரம் விட்டுவிடும். மழைக்கு முன், காற்றில்லாத காலை நேரத்தில் வேரோடு எடுத்து, பட்டையை அங்கேயே எரித்துவிடுங்கள். ரம்பத்தைத் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள். காய்ந்த மரத்தைப் பந்தல்காலுக்கு விற்குமுன் ஓரமாக ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் விறகுக்குத்தான் ஆகும்.